இரகசியக் கோப்பும் வழு அறிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழில் வேலை செய்யும் கந்தோர்கள் பலவற்றில் இப்போது லிப்ரெஆபிஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், க்னூகேஷ் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் ஓடுகின்றன. புதுக்கடையில் உறுதி எழுதும் நொத்தாரிசு, புறக்கோட்டையில் கணக்கு வைக்கும் மொத்த வியாபாரி, வெள்ளவத்தையில் ஒரு சின்ன கிளினிக் என்று யாராகவும் இருக்கலாம். ஒருநாள் கோப்பொன்று திறக்க மறுக்கிறது, இல்லாவிட்டால் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. வழு அறிக்கை, அதாவது மென்பொருளின் பிழையை அதை எழுதுபவர்களுக்குத் தெரிவிக்கும் பதிவு ஒன்றைப் போட்டால் மறுமொழியில் முதலில் வருவது "மாதிரிக் கோப்பை இணையுங்கள்" என்பதுதான். அந்த இடத்தில் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். நின்றுவிட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கோப்பிலுள்ள இரகசியத்தைக் கொடுக்காமலே வழுவைக் கொடுக்க அநேகமாக எப்போதும் வழி இருக்கிறது.

கோப்பு எதற்கு? திரையை ஸ்கிரீன்ஷொட்டாகப் படமெடுத்து அனுப்பினால் போதாதா?

ஸ்கிரீன்ஷொட் விளைவைத்தான் காட்டும். "கொ" என்ற எழுத்து உடைந்து, ஒற்றைக்கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவில் கோளாறா, எழுத்துகளை அடுக்கும் நிரலில் கோளாறா, கோப்பிலேயே எழுத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறதா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. நிரலாளர் தன் கணினியில் அதே வழுவை வரவழைத்தால்தான் எந்த வரியில் பிசகு என்று தேடத் தொடங்க முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. வழுவைத் திருத்தியதும் அந்த மாதிரிக் கோப்பைச் சோதனைக் கோப்பாக மூல நிரலோடு சேர்த்து வைப்பது வழக்கம். பிறகு யாராவது நிரலை மாற்றும்போது பழைய வழு திரும்பி வந்தால் அந்தச் சோதனை பிடித்துவிடும். தமிழ் தொடர்பான சோதனைகள் கூடக் கூட, தமிழ் உடையும்போது யாராவது கவனிக்கும் வாய்ப்பும் கூடும். எங்கள் எழுத்து எங்கே உடைகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். நாங்கள் கோப்புக் கொடுக்காவிட்டால் அந்தச் சோதனைகளை எழுத வேறு ஆளில்லை.

நான் இணைக்கும் கோப்பை யார் யார் பார்க்கலாம்?

உலகத்தில் எவரும். லிப்ரெஆபிஸின் வழுத் தளமான பக்ஸில்லாவில் இணைக்கும் கோப்பு கணக்கு இல்லாதவருக்கும் திறக்கும். அறிக்கையைப் பின்தொடர்பவர்களுக்கு மின்னஞ்சல் போகும், தேடுபொறிகள் எடுத்து வைக்கும், வேறு தளங்கள் படியெடுக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழுத் தளத்தில் மின்னஞ்சல் வழியாக அனுப்பும் எல்லாமே பொதுப் பதிவு. அறிக்கை முடிந்ததென்று மூடப்பட்டாலும் கோப்பு அங்கேயே இருக்கும். மேலே சொன்னபடி சோதனைக் கோப்பாக மூல நிரலுக்குள் போய்விட்டால், அந்த நிரலைப் பதிவிறக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கும். அதைத் திரும்ப வாங்க வழியே இல்லை.

அவசரத்தில் உண்மையான கோப்பைப் போட்டுவிட்டேன். அழிக்கலாமா?

உடனே தள நிர்வாகிகளுக்கு எழுதுங்கள். பக்ஸில்லாவில் உங்களால் அந்த இணைப்பைப் "பழையது" என்று குறிக்க மட்டுமே முடியும். உண்மையாக நீக்குவது நிர்வாகி. பல திட்டங்கள் நிரலையும் வழு அறிக்கைகளையும் வைக்கும் கிட்ஹப் தளத்தில் கருத்தை அழித்தாலும் ஏற்றிய கோப்பின் முகவரி உயிரோடு இருக்கலாம், அதற்கும் உதவிப் பிரிவைத்தான் நாட வேண்டும். "தனிநபர் விவரங்கள் உள்ளன, தயவுசெய்து நீக்குங்கள்" என்று இரண்டு வரி போதும், விளக்கம் தேவையில்லை. கோப்பில் யாருடைய விவரம் இருந்ததோ அவருக்கும் சொல்லிவிடுங்கள். சங்கடம்தான், ஆனால் அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது.

கோப்பு என் கணினியில்தான் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் என் விருப்பம்தானே?

நீங்கள் எழுதிய கவிதை என்றால் சரி. வாடிக்கையாளரின் உறுதி, நோயாளியின் அறிக்கை, ஊழியர்களின் சம்பளப் பட்டியல் என்றால் அப்படியில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், குற்ற வழக்கு, பிள்ளைகளின் விவரம் ஆகியவற்றை அது விசேட வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கந்தோர் தன் வேலைக்காகத் திரட்டிய விவரத்தை வேறொரு நாட்டு சேர்வரில் பொதுவில் போடுவதற்கு "மென்பொருள் வழு" என்பது காரணமாகாது.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் எங்களுக்கு ஒரு நினைவு இருக்கிறது. 1983 ஜூலையில் இதே நகரத்தில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள். பெயரும் முகவரியும் அடங்கிய வெறும் பட்டியல் என்று இங்கே எதையும் நான் இலகுவாக எடுத்துக்கொள்வதில்லை. கோயில் உபயகாரர் பட்டியலோ பழைய மாணவர் சங்கத்தின் பட்டியலோ, அதில் இருப்பவர்களைக் கேட்காமல் பொதுவில் போடக் கூடாது.

மென்பொருள் திறந்ததாகவும் தரவு மூடியதாகவும் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய சஹானா மென்பொருளில் காணாமல் போனோர் பதிவும் ஒரு பகுதி. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. 2006இல் ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. நிரல் திறந்தது என்பதற்காக அந்தக் குடும்பங்களின் விவரத்தையும் உலகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதுமா?

போதாது. முதலில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். 12 இலக்க எண்ணில் முதல் 4 பிறந்த ஆண்டு, அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பழைய 9 இலக்க எண்ணிலும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களோடு இதே கணக்குதான். பெயரை அழித்துவிட்டு எண்ணை விட்டால் பிறந்த திகதியையும் பாலையும் எழுதிக் கொடுத்ததாகிவிடும். வீதியின் பெயரும் தொழிலும் அதோடு சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத இடங்கள். டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஓடிடி எல்லாமே உண்மையில் ஜிப் பொதிகள். பிரதி ஒன்றை எடுத்து, பொதிகளைப் பிரிக்கும் 7-ஜிப் மென்பொருளில் திறந்து பாருங்கள், உள்ளே என்னவெல்லாம் கிடக்கின்றன என்பது தெரியும். எழுதியவர் பெயரும் கடைசியாகச் சேமித்தவர் பெயரும் ஒரு கோப்பில் இருக்கும். சிலவற்றில் முதல் பக்கத்தின் சின்னப் படம் ஒன்றும் இருக்கும். திருத்தங்களைப் பதிவுசெய்யும் வசதி போட்டிருந்தால் அழித்த வரிகள் எல்லாம் அப்படியே கிடக்கும். காணி விலையை மூன்று தரம் பேசி மாற்றிய உறுதி வரைவில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நொத்தாரிசுக்குத் தெரியும். வெட்டிச் சிறிதாக்கிய படத்தின் வெட்டிய பகுதி பொதிக்குள் முழுதாக இருக்கலாம். வேர்டில் ஒட்டிய வரைபடத்துக்குப் பின்னால் எக்செல் அட்டவணை முழுவதுமே ஒளிந்திருக்கலாம். எக்செல்லில் மறைத்த தாள்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனால் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூலத் தாளை நீக்கினாலும் பிவட் தனக்கென்று ஒரு பிரதியை வைத்திருக்கும்.

அதனால் துப்புரவு செய்து முடித்ததும் பொதியை ஒரு கோப்புறைக்குள் பிரித்துப் போட்டு, உண்மையான பெயர் ஒன்றையும் அடையாள அட்டை எண் ஒன்றையும் அந்தக் கோப்புறை முழுக்கத் தேடிப் பாருங்கள். ஒன்றாவது அகப்பட்டால் வேலை இன்னும் முடியவில்லை. ஒரே சொல் வடிவமைப்பால் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கலாம் என்பதால் பெயரின் முதல் பாதியை மட்டும் போட்டும் ஒருமுறை தேடுங்கள். படங்களைத் தேடல் எட்டாது, ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். அப்புறம் கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். ஒருவரின் பெயரும் "விவாகரத்து" என்ற சொல்லும் கோப்புப் பெயரிலேயே இருந்தால் உள்ளே செய்த துப்புரவால் பயனில்லை.

எல்லா எழுத்தையும் எக்ஸ் ஆக்கினால் என்ன?

ஆங்கிலக் கோப்புக்கு அது நல்ல வழி. தமிழுக்குச் சரிவராது, ஏனென்றால் எங்கள் வழுக்கள் பெரும்பாலும் எழுத்துச் சேர்க்கையில்தான் இருக்கின்றன. ஒகர, ஓகாரக் குறிகள் மெய்யின் இரு பக்கமும் வரும், ஏகாரமும் ஐகாரமும் முன்னால் வரும், "க்ஷ", "ஸ்ரீ" போன்றவை கூட்டெழுத்தாக மாறும். எல்லாவற்றையும் எக்ஸ் ஆக்கினால் இரகசியத்தோடு வழுவும் போய்விடும்.

நான் பரிந்துரைப்பது, மெய்களை மட்டும் மாற்றுவது. ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ஒரு வகை எழுத்துகளை ஒரே குறியால் தேடும் முறை, தெரிந்த எந்த எடிட்டரிலும் [க-ஹ] என்று தேடி எல்லாவற்றையும் க ஆக்குங்கள். உயிர்க்குறியும் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும். வழு "க்ஷ", "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்தில்தான் என்றால் அவற்றை மட்டும் மாற்றாமல் விடுங்கள். "கொழும்பு" என்பது "கொகுக்கு" ஆகும். பொதிக்குள் ஆவணத்தின் எழுத்தும் வடிவமைப்புக் கட்டளைகளும் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலேயே இதைச் செய்யலாம். கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் தமிழை மாற்றும்போது அவற்றில் கை படாது. தமிழில் வேலை செய்வதால் கிடைக்கும் நல்ல வசதி இது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். உயிர்க்குறிகளின் வரிசையை வைத்துத் தெரிந்த பெயரை ஊகிக்கலாம். "சிவகுமார்" என்பது "கிககுகாக்" ஆனாலும் அயலாரை அறிந்த ஒருவர் கண்டுபிடித்துவிடக்கூடும். ஆகவே பெயர்களை முதலில் கையால் வேறு பெயராக்கிவிட்டு மெய்களை மாற்றுங்கள். மற்றது அகலம். ர, ண, ஞ எல்லாம் ஒரே அகலமில்லை. க ஆனதும் வரி முறியும் இடம் நகர்ந்துவிடும். வழு வரி முறிவில் இருந்தால் அந்தப் பந்தியை மட்டும் கையால், ஏறக்குறைய அதே அகலமுள்ள சொற்களால் நிரப்ப வேண்டியிருக்கும்.

எங்கள் கோப்புகள் பாமினியில் இருக்கின்றன. திறந்தால் குழம்பிய ஆங்கில எழுத்துதானே, அப்படியே கொடுக்கலாமா?

கூடாது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய எழுத்துரு; அது இரகசியக் குறியீடு அல்ல. எழுத்துரு இருந்தால் உடனே வாசிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் எங்கும் கிடைக்கின்றன. அதுபோக, பாமினியில் கால்புள்ளியே "இ" ஆகவும் நிற்கிறது. ஆங்கில எழுத்துகளை மட்டும் தேடி மாற்றும்போது நிறுத்தக்குறி என்று விட்டுவிடுபவற்றில் பாதி எழுத்துகளாக இருக்கும். மேலே சொன்ன எக்ஸ்எம்எல் வழியும் இதற்கு ஆபத்து, கட்டளைகளும் எழுத்துகளும் ஒரே ஆங்கில வரிசையில் இருப்பதால் கோப்பே உடைந்துவிடும். பாமினிக் கோப்பென்றால் வேறு ஏதாவது வாக்கியத்தைப் புதிதாகத் தட்டெழுதி வழுவை வரவழைக்கப் பாருங்கள்.

வழுவை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி?

பிரதி எடுங்கள். பாதியை அழியுங்கள். வழு இன்னும் இருக்கிறதா? இருந்தால் மீதியில் பாதியை அழியுங்கள். இல்லையென்றால் மீளப் பெற்று மற்றப் பாதியை அழியுங்கள். நாற்பது பக்க உறுதிகூட இப்படியே ஒரு பந்திக்கு, சிலவேளை ஒரு வரிக்கு வந்துவிடும். அந்த வரியில் இரகசியம் இருப்பது அபூர்வம்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வேர்டில் செய்த டாக்எக்ஸை லிப்ரெஆபிஸில் திறந்து, அழித்து, அங்கேயே சேமித்தால் லிப்ரெஆபிஸ் கோப்பைத் தன் முறையில் புதிதாக எழுதிவிடும். வழுவுக்குக் காரணமான அமைப்பு அதிலேயே மறைந்து போகலாம். எந்த மென்பொருளில் கோப்புப் பிறந்ததோ அதிலேயே அழியுங்கள். முடியாதென்றால் பொதிக்குள் எக்ஸ்எம்எல்லில் கை வையுங்கள்.

மேலே சொன்ன "கொ" உடைவதையே எடுப்போம். பொதியைத் திறந்து பார்த்தால் க ஒரு துண்டிலும் ஒகரக்குறி அடுத்த துண்டிலும் கிடக்கும். யாரோ வேர்டில் பாதி எழுத்துக்கு மட்டும் தடிப்போ நிறமோ போட்டிருப்பார்கள், அல்லது திருத்தும்போது அப்படிப் பிரிந்திருக்கும். மென்பொருள் இரண்டு துண்டையும் தனித்தனியாக வரையும்போது, சேர மெய் இல்லாத குறிக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் வருகிறது. அதே சொல்லைப் புதிதாகத் தட்டெழுதினால் இது வராது. ஆகவே அந்த இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரே ஒரு எழுத்து உள்ள கோப்பு மிஞ்சும். நிரலாளருக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

சம்பளத் தாளில் எண்களை எப்படி மாற்றுவது?

எல்லாவற்றுக்கும் ஒரே எண் போடாதீர்கள், சூத்திரத்தின் பிழை மறைந்துவிடும். அடிப்படைச் சம்பளம் 100000 என்று போட்டால் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8% 8000, முதலாளியின் 12% 12000, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3% 3000 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் வெளிநாட்டில் இருப்பவருக்கும் பிழை உடனே புரியும். சதக் கணக்கில்தான் வழு என்றால் 98765.43 மாதிரி ஒரு கற்பனைத் தொகையை எடுங்கள். வெற்றுக் கலங்களை வெறுமையாகவே விடுங்கள், பல கணக்கு வழுக்கள் வெற்றுக் கலத்தில்தான் பிறக்கின்றன.

பிடிஎஃப், ஸ்கேன், படங்கள்?

பிடிஎஃபில் கறுப்புப் பெட்டி வரைந்தால் எழுத்து அதன் கீழே அப்படியே இருக்கும். தெரிவுசெய்து நகலெடுத்தால் வந்துவிடும். பிடிஎஃப் கோப்பின் கடைசியில் மாற்றத்தை மட்டும் சேர்த்துச் சேமிக்கும் முறையும் உண்டு, அப்போது பழைய வடிவம் உள்ளேயே இருக்கும். கோப்பு விவரங்களை நீக்கும் எக்ஸிஃப்டூல் என்ற கருவி பிடிஎஃபில் வேலை செய்வதும் இப்படித்தான், மீட்டெடுத்துவிடலாம். மேட்2 என்ற இன்னொரு கருவி பக்கங்களைப் படமாக மாற்றித் துப்புரவு செய்யும். பாதுகாப்பானது, ஆனால் எழுத்து வழு என்றால் அதுவும் போய்விடும். கியூபிடிஎஃப் என்ற கருவி கொண்டு கோப்பை விரித்துத் தேவையில்லாத பக்கங்களை நீக்குவது நல்லது. போன் கமெராப் படத்தில் எடுத்த இடத்தின் ஆயங்கள் இருக்கக்கூடும். அல்ட்ராசவுண்ட் படங்களில் நோயாளியின் பெயர் படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். மருத்துவப் படங்களுக்கான டைகொம் கோப்பின் விவரப் பகுதியைத் துடைத்தாலும் அது போகாது.

"இலவசமாகப் பிடிஎஃப் சுருக்கித் தருகிறோம்" என்னும் தளங்களில் துப்புரவு செய்ய வேண்டாம். கோப்பை இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் அதுவும். சந்திக் கடைக் கணினியில் திறந்து வைத்துத் திருத்துவதும் வேண்டாம்.

மென்பொருள் நின்றுபோனபோது உருவான கோப்பை அனுப்பலாமா?

எந்தச் செயற்கூறுகள் வழியாகப் போய் நின்றது என்ற பட்டியல், அதாவது பேக்ட்ரேஸ், பெரும்பாலும் பாதுகாப்பானது. அதில் கோப்புறைப் பாதையில் உங்கள் பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள். நினைவகத்தை அப்படியே கொட்டிய கோர் டம்ப் வேறு, அப்போது திறந்திருந்த ஆவணம் முழுவதும் அதில் இருக்கலாம். பொதுவில் போடவே கூடாது.

எப்படி மாற்றினாலும் வழு மறைந்துவிடுகிறது. இனி என்ன செய்ய?

கோப்பு உங்களிடமே இருக்கட்டும், சோதனையை நீங்கள் செய்யுங்கள். லிப்ரெஆபிஸுக்கு நாளாந்தம் உருவாகும் பதிப்புகள் கிடைக்கின்றன. அதில் உங்கள் கோப்பைத் திறந்து வழு இருக்கிறதா என்று சொல்வதே பெரிய உதவி. முந்தைய பதிப்பொன்றில் சரியாக இருந்தது என்றால் இன்னும் நல்லது. எந்த மாற்றத்தோடு வழு வந்தது என்று கண்டுபிடிக்க, தயாராகத் தொகுத்த பழைய பதிப்புகளின் களஞ்சியம் ஒன்றை வைத்திருக்கிறார்கள், பைபைசெக்ட் என்பார்கள். பதிவிறக்கம் பெரியது, வீட்டு இணைப்பில் இரவில் விட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் குற்றவாளி மாற்றம் இன்னது என்று தெரிந்துவிட்டால், உங்கள் கோப்பைப் பார்க்காமலே நிரலாளர் வேலையைத் தொடங்கலாம்.

நிரலாளர் தனக்கு மட்டும் அனுப்பச் சொல்கிறார். நம்பலாமா?

அநேகமாக நல்ல மனதோடுதான் கேட்கிறார். இருந்தாலும் அவர் தன்னார்வலராக இருந்தால் உங்களுக்கும் அவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவர் மடிக்கணினி தொலைந்தாலோ வேலையை வேறொருவருக்குக் கொடுத்தாலோ உங்களுக்குத் தெரியவராது. இரகசியம் காக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட மாட்டோம் என்று சிலர் சொல்வதும் நியாயம்தான், சம்பளமில்லாத வேலைக்கு அவ்வளவு பொறுப்பை யார் ஏற்பார்? கோப்பைப் பொதுவில் வைக்க முடியாவிட்டால் சோதனையிலும் சேர்க்க முடியாது, வழு பின்னர் திரும்பி வரலாம். ஆகவே இதைக் கடைசி வழியாக வையுங்கள்.

அனுப்பத்தான் வேண்டும் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கேட்டவர் உண்மையிலேயே அந்தத் திட்டத்தில் வேலை செய்பவரா என்று நிரலில் அவர் செய்த பழைய மாற்றங்களைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். கிட்ஹப் போன்ற இன்னொரு மென்பொருளான கிட்லேப் பாவிக்கும் திட்டங்களில், உதாரணமாக ஜிம்பில், அறிக்கையை இரகசியமானது என்று குறித்துத் திட்ட உறுப்பினர்கள் மட்டும் காணும்படி வைக்கலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடும்படி முதலிலேயே கேளுங்கள். கந்தோரின் முக்கிய வேலை நின்றுபோயிருந்தால், கொலாபோரா போல ஒப்பந்தத்தோடு கட்டண உதவி தரும் நிறுவனத்தை நாடுவதே முறை. அங்கே இரகசியத்துக்கும் கையெழுத்து வாங்கலாம்.

பாஸ்வேர்டு போட்டு அனுப்பினால்?

ஒருவருக்கு அனுப்பும்போது கட்டாயம் போடுங்கள். சாதாரண ஜிப்பின் பழைய பூட்டு பலவீனமானது, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களும் வெளியே தெரியும். 7-ஜிப்பின் சொந்த வடிவத்தில் பெயர்களையும் சேர்த்துப் பூட்டலாம். அவர் மட்டுமே திறக்கும்படி கோப்பைப் பூட்ட உதவும் ஜிபிஜி சாவி அவரிடம் இருந்தால் அதுவே மேல். பாஸ்வேர்டைக் கோப்போடு ஒரே மின்னஞ்சலில் போடாதீர்கள், போனில் சொல்லுங்கள். பூட்டிய கோப்பென்று அதைப் பொது அறிக்கையில் இணைக்கவும் வேண்டாம், அது அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே?

சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு படம், இப்போது எப்படித் தெரிகிறது என்று ஒரு படம், எந்த எழுத்தில் பிழை என்று ஒரு வட்டம். எழுத்துருவின் பெயர், மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், இலக்கணப் பிழைக்காக யாரும் அறிக்கையைத் தள்ளுவதில்லை.

வழு திருத்தப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. இனி?

திருத்தம் உள்ள பதிப்பை இறக்கி, வெளியே கொடுக்காமல் வைத்திருந்த உண்மையான கோப்பை உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். மாதிரியில் சரியாகி அசலில் மிச்சம் இருப்பதுண்டு. சரியென்றால் அறிக்கையில் பதிப்பு எண்ணோடு அப்படியே எழுதுங்கள். இல்லையென்றால் அசலில் எந்தப் பந்தி இன்னும் உடைகிறது என்று பார்த்து, அதிலிருந்து இன்னொரு மாதிரி செய்யுங்கள். தனிப்பட்ட முறையில் கோப்பு வாங்கியவர் இருந்தால், அழித்துவிட்டாரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.